சொல் தேடும் கலை: பெருங்கோப்புகளில் வாய்பாட்டுத் தேடல்

என் வகுப்பு மாணவன் ஒருவன் தன் செயற்றிட்ட ஏட்டில், "நம் திருகோணமலையின் பெயர் இப்பழைய நூல்களுள் எங்கும் காணப்படவில்லை" என்று ஒரு வாக்கியம் எழுதிவந்தான். நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களின் பாடத்தை ஒரே கோப்பாகச் சேர்த்துக் கணினியில் இட்டு, 'திருகோணமலை' என்ற சொல்லைத் தேடியிருக்கின்றான். 'இல்லை' என்ற விடை வந்திருக்கின்றது. அவ்விடையை அப்படியே எழுதிவிட்டான்.

அக்கோப்பினுள் திருஞானசம்பந்தர் தேவாரம் முழுவதும் இருந்தது. சம்பந்தப் பெருமான் நம் தலத்தைக் கோணமாமலை என்றே பாடுகின்றார். கணினி பொய் கூறவில்லை. கேட்ட கேள்விக்கு நேரிய விடையே தந்தது. குறை கேள்வியில் இருந்தது.

மறுநாள் அவன் கேள்வியைத் திருத்தினான். எல்லா வேறுபாடுகளும் அகப்படட்டும் என்று நீண்டதொரு குறியீட்டை எழுதி இயக்கினான். மாலையில் இயக்கிய கணினி காலையிலும் விடை தரவில்லை. "ஐயா, கோப்பு மிகப் பெரிது, கணினி பழையது, அதனாலேதான்" என்றான். இவ்விரு காரணங்களும் உண்மையான காரணங்கள் அல்ல. அதே கணினியில், அதே கோப்பில், அவன் தேடியதைச் சில விநாடிகளில் தேட முடிந்தது.

முதல் நாள் பிழை தவறவிடுதல்; இரண்டாம் நாள் பிழை தாமதித்தல். இவ்விரண்டும் எதனால் நேர்கின்றன, எவ்வாறு நீங்கும் என்பதையே இக்கட்டுரை கூற முயல்கின்றது. கணிதம் கற்றோர்க்கு மட்டும் உரிய பொருள் இதுவென எண்ணி எவரும் ஒதுங்க வேண்டா. அசை பிரிக்கத் தெரிந்தவர் எவருக்கும் இது விளங்கும்.

கோப்பின் பெருமை

முந்நூறு பக்கங்கொண்ட நூலொன்றிற் பக்கத்துக்கு 1,500 குறிகள் உள்ளன எனக் கொள்வோம். நூல் முழுவதற்கும் 4,50,000 குறிகள் ஆகும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் இன்று வழக்கிலுள்ள யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று பைற்றுகளாகச் சேமிக்கப்படுகின்றது. ஆகவே ஒரு நூலுக்கு 13,50,000 பைற்றுகள். ஆயிரம் நூல்களுக்கு 135 கோடி பைற்றுகள்.

இது வெறுங்கற்பனை அன்று. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்கள் பலவற்றை எழுத்துவடிவில் இணையத்தில் ஏற்றியுள்ளது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் எண்ணிமப்படுத்தி வருகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததையும், 2004 மார்கழி 26ஆந் திகதி கடல் எழுந்து நிலாவெளிக் கரையையும் நம் மாவட்டத்துக் கரைகள் பலவற்றையும் அழித்ததையும் கண்ட நமக்கு, ஏடுகளைக் காத்துவைப்பதன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும், காக்கப்பட்ட ஏட்டுள் வேண்டிய சொல்லைக் கண்டெடுக்க இயலாவிடின், காத்ததன் பயன் பாதியே. தேடக் கிடைக்காத நூல் பூட்டிய பேழையிலுள்ள பொன்னை ஒக்கும்.

வாய்பாடு என்பது யாது?

கணினியாளர் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்று வழங்குவதைத் தமிழிலே 'ஒழுங்குக் கோவை' எனலாம். யாப்பிலக்கணம் பயின்ற நமக்கு 'வாய்பாடு' என்னும் சொல்லே மிக நெருங்கியது. தேமா, புளிமா என்பவை குறிப்பிட்ட சொற்கள் அல்ல. எண்ணிறந்த சொற்களுக்குப் பொதுவான அமைப்பின் பெயர்கள். அதுபோலவே தேடல் வாய்பாடும் ஒரு சொல்லைச் சுட்டாது, ஒரு சொற்கூட்டத்தின் அமைப்பைச் சுட்டுகின்றது.

அதன் உறுப்புகள் மிகச் சிலவே. 'இது அல்லது அது' என்பதற்கு நெட்டைக் கோடு ( | ), 'இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்பதற்கு வினாக்குறி (? ), 'எத்தனை முறையும் வரலாம், வாராமலும் இருக்கலாம்' என்பதற்கு உடுக்குறி ( * ), 'ஏதேனும் ஒரு குறி' என்பதற்குப் புள்ளி (. ), சேர்த்துக் கட்டுதற்கு அடைப்பு. இவ்வளவே.

இனி நம் ஊரை எடுத்துக்கொள்வோம். ஏடுகளில் அது திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை, கோணமலை, கோணமாமலை எனப் பலவாறு வரும். இவ்வைந்தையும் ஒரே வாய்பாட்டில் அடக்கலாம்:

(திரு(க்)?|திரி)?கோண(மா)?மலை

ககர ஒற்று மிகலாம், மிகாமலும் இருக்கலாம்; 'மா' இடையில் வரலாம், வாராமலும் இருக்கலாம்; முன்னொட்டு முழுவதுமே இல்லாதிருக்கலாம். செய்யுளிலே சீர் பிரித்து அச்சிடும்போது 'கோண மாமலை' என இடைவெளி விழுமாதலின், அவ்விடங்களில் ஓர் இடைவெளிக்கும் இடந்தருதல் நன்று. கோயிற்பெயரும் இவ்வாறே. கோணேசர், கோணேச்சரம், கோணேசுவரம், கோணேஸ்வரம் ஆகிய நான்கும் கோணே(ச|ஸ்) என்னும் ஒன்றினுள் அடங்கும்.

நம் கரையில் கரைவலை இழுப்போர் அறிந்த உண்மை ஒன்று இங்கும் பொருந்தும். வலைக்கண் பெரிதானால் மீன் தப்பும்; மிகச் சிறிதானால் குப்பையும் பாசியும் சேர்ந்து வலை கனக்கும். 'திருமலை' என்பதையும் நம் ஊரின் பெயரென வாய்பாட்டிற் சேர்த்தால், திருப்பதித் திருமலையும் மதுரைத் திருமலை நாயக்கரும் உடன் வந்து சேர்வர். எதைத் தவறவிடலாகாது, எதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று தீர்மானிக்க வேண்டியவர் தேடுவோரே. இயந்திரம் அதனைத் தீர்மானிக்காது.

அசை பிரிக்கும் இயந்திரம்

வாய்பாட்டை எழுதியாயிற்று. இயந்திரம் அதனை எவ்வாறு பொருத்திப் பார்க்கின்றது? இதனை விளக்க அசை பிரித்தலினும் தக்க எடுத்துக்காட்டு இல்லை.

குறில் தனித்தும் நெடில் தனித்தும், அவை ஒற்றடுத்தும் வருவது நேரசை. குறிலிணைந்தும் குறில்நெடில் இணைந்தும், அவை ஒற்றடுத்தும் வருவது நிரையசை. இதனைத் தேடல் வாய்பாடாக எழுதினால், நேர் என்பது (குறில்|நெடில்)ஒற்று*. நிரை என்பது குறில்(குறில்|நெடில்)ஒற்று* ஆகும். நம் முன்னோர் வகுத்த அசையிலக்கணம் ஓர் ஒழுங்குக் கோவையே என்பது இதனாற் புலனாகும்.

ஒரு சொல்லை இடமிருந்து வலமாகப் படித்து அசை பிரிப்பவர் எவ்வளவு செய்தியை நினைவில் வைத்திருக்க வேண்டும்? மூன்று நிலைகளை மட்டுமே. ஒன்று, இன்னும் எதுவும் படிக்கவில்லை என்னும் நிலை. இரண்டு, ஒரு தனிக்குறிலைக் கண்டு அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும் நிலை. மூன்று, அசை நிறைந்துவிட்டது, ஒற்று வந்தால் அதனோடு சேரும் என்னும் நிலை. இரண்டாம் நிலையில் உயிரோ உயிர்மெய்யோ வந்தால் நிரை. ஒற்று வந்தாலும் சொல் முடிந்தாலும் நேர். மூன்றாம் நிலையில் ஒற்று வந்தால் அங்கேயே நிற்க. குறில் வந்தால் புதிய அசை தொடங்கி இரண்டாம் நிலைக்குச் செல்க. நெடில் வந்தால் புதிய அசையாகக் கொண்டு மூன்றாம் நிலையிலேயே நிற்க.

'நிலாவெளி' என்பதைப் படிப்போம். 'நி' குறில், இரண்டாம் நிலை. 'லா' நெடில், மூன்றாம் நிலை, நிரையசை ஆயிற்று. 'வெ' குறில், புதிய அசை, மீண்டும் இரண்டாம் நிலை. 'ளி' குறில், மூன்றாம் நிலை, மற்றொரு நிரையசை. நிரைநிரை கருவிளம். நான்கு எழுத்துகளுக்கு நான்கே அடிகள் வைத்தோம். ஓரிடத்திலும் திரும்பிப் பார்க்கவில்லை. நானூறு கோடி எழுத்துகள் இருப்பினும் நினைவில் வைக்கவேண்டிய நிலைகள் அம்மூன்றே. அடிகளும் நானூறு கோடியே. கோப்பு பத்து மடங்கானால் வேலையும் பத்து மடங்கே ஆகும்; அதற்கு மேல் ஆகாது. இத்தகைய அமைப்பையே 'முடிவுறு நிலைப்பொறி' என்பர்.

இக்கருத்து தோன்றிய வரலாறு

1943இல் மக்கலொக், பிற்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் மூளையின் நரம்பணுக்களை எளிய கணித அமைப்பாக வரைந்து காட்டினர். அவ்வமைப்பால் எவ்வெத்தொடர்களை இனங்காண முடியும் என ஆராய்ந்த ஸ்டீபன் கிளேனி என்னும் கணிதர், 1951இல் எழுதி 1956இல் அச்சான கட்டுரையில் ஒழுங்குக் கோவைகளை வகுத்தார். உடுக்குறியின் பயன்பாடு அவர் தந்ததே. 1959இல் ரேபின், ஸ்கொட் ஆகிய இருவர் பல வழிகளில் ஒரே நேரம் செல்லும் பொறியை ஒரு வழிப் பொறியாக மாற்றலாம் என்பதை நிறுவினர்.

1968இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சன், வாய்பாட்டைக் கொடுத்தவுடன் அதற்குரிய பொறியைத் தானே அமைத்துத் தேடும் முறையை வெளியிட்டார். அதன் பின்னர் நிகழ்ந்தது தமிழாசிரியர்க்கு உவப்பளிக்கும் செய்தி. அதே ஆய்வுகூடத்திலிருந்த லீ மக்மகன் என்பார், அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787, 1788ஆம் ஆண்டுகளில் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகளுள் எது எவர் எழுதியது என்பதைச் சொல்லாட்சி கொண்டு ஆராய விரும்பினார். அப்போதைய தொகுப்பி மென்பொருளுள் அக்கட்டுரைகளின் கோப்பு அடங்கவில்லை. அந்நாட் கணினிக்கு அது பெருங்கோப்பு. ஆகவே தொம்சன், தொகுப்பியிலிருந்த தேடும் உறுப்பை மட்டும் பிரித்தெடுத்து, கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாது வரிவரியாகப் படிக்கும் தனிக் கருவியாக்கினார். 'எங்கும் இவ்வாய்பாட்டைத் தேடி அச்சிடு' என்னும் கட்டளையின் முதலெழுத்துகளாலான 'கிரெப்' என்பது அதன் பெயர். 1973 முதல் இன்றுவரை அது வழக்கில் இருந்து வருகின்றது. உலகெங்கும் பொறியியலாளர் கையாளும் இக்கருவி, நூலாசிரியர் யார் என்னும் இலக்கிய வினாவிலே பிறந்தது.

இரவெல்லாம் ஓடிய தேடல்

தொம்சன் வழி இருக்க, என் மாணவனின் தேடல் ஏன் முடியவில்லை? அவன் எழுதிய வாய்பாடு இது:

திரு(கோண|மா|.)*மலை

'திரு' வரவேண்டும், பின்னர் 'கோண' என்பதோ 'மா' என்பதோ ஏதேனும் ஒரு குறியோ எத்தனை முறையும் வரலாம், இறுதியில் 'மலை' வரவேண்டும். தீமையற்றது போலவே தோன்றுகின்றது. ஆனால் கணினியிலே 'மா' என்பது மகரமும் கால்குறியுமாகிய இரு குறிகள். அதனை 'மா' என ஒன்றாகவும் கொள்ளலாம். 'ஏதேனும் ஒரு குறி' என இருமுறை கொண்டும் கடக்கலாம். ஆகவே வழியில் வரும் ஒவ்வொரு 'மா'வும் பாதையை இரண்டாகப் பிளக்கின்றது. பத்து 'மா' வந்தால் 1,024 பாதைகள். இருபது வந்தால் 10 இலட்சத்துக்கு மேல். முப்பது வந்தால் 107 கோடிக்கு மேல். கோப்பைச் சேர்த்தபோது வரிமுறிவுகள் நீங்கி, ஒரு நூல் முழுவதும் ஒரே வரியாகக் கிடந்தது. ஒரு நூலில் எத்தனை 'மா' வரும் என்பதை வாசகர் எண்ணிக்கொள்க.

இன்று வழக்கிலுள்ள கணினி மொழிகள் பல, பின்வாங்கித் தேடும் முறையைக் கையாள்கின்றன. கவைத்த பாதையில் ஒரு கவையைப் பிடித்து இறுதிவரை சென்று, பயன்படாவிட்டால் திரும்பி வந்து மற்றைக் கவையைப் பிடித்தல் அம்முறை. சீர் பிரிக்கத் தெரியாத மாணவன் ஏதோ ஒருவாறு பிரித்து, அடியிறுதியில் தளை தட்டக் கண்டு, முழுவதையும் அழித்து, வேறொருவாறு மீளத் தொடங்குவது போன்றது. பெரும்பாலான வேளைகளில் முதற்கவையே பொருந்திவிடுவதால் இக்குறை வெளிப்படுவதில்லை. பொருந்தாதபோதே இடர் தோன்றும். கவைகள் அனைத்தும் பயனற்றவை என்று காட்டும்வரை அது ஓயாது.

தொம்சன் வழி வேறு. எல்லாக் கவைகளிலும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு விரலை வைத்து, எழுத்தெழுத்தாக எல்லா விரல்களையும் உடன் நகர்த்துகின்றது. 'மா' என்பதை ஒன்றாகக் கொண்ட விரலும், இரண்டாகக் கொண்ட விரலும் அதனைக் கடந்தவுடன் வாய்பாட்டின் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. சேர்ந்தபின் எவ்வழி வந்தோம் என்னும் செய்தி பயனற்றது. ஆகவே இரு விரல்களும் ஒன்றாகிவிடுகின்றன. வாய்பாட்டில் இருபது இடங்கள் இருந்தால் விரல்கள் இருபதுக்கு மேற்படா. இருபது விரல்களை 45 கோடிக் குறிகளின் மேல் நகர்த்தினால், மிகையாகக் கணக்கிடினும் 900 கோடி அடிகள். விநாடிக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட எளிய செயல்களைச் செய்யவல்ல இயந்திரத்துக்கு இது பெரிதன்று.

இவ்விரு வழிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை 2007இல் ரஸ் கொக்ஸ் என்னும் கணினியறிஞர் அளந்து காட்டினார். வெறும் 29 எழுத்துகள் கொண்ட ஒரு தொடரில், வேண்டுமென்றே கவைகள் நிறைத்த வாய்பாட்டைப் பொருத்தப் பேர்ள் மொழிக்கு 60 விநாடிக்கு மேல் ஆயிற்று. தொம்சன் வழிக்கு ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் 20 பங்கே போதியதாயிற்று. 1968இலேயே அச்சேறிய வழி நாற்பது ஆண்டுகளாகப் பலராலும் மறக்கப்பட்டிருந்தது.

என் மாணவனுக்கு நேர்ந்ததே பெருநிறுவனங்களுக்கும் நேர்ந்தது. 2016 யூலை 20ஆந் திகதி ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் தளம் 34 நிமிடம் முடங்கியது. ஒருவர் இட்ட பதிவில் ஏறத்தாழ 20,000 வெற்றிடக் குறிகள் தொடர்ந்து இருந்தன. வரியிறுதி வெற்றிடத்தை நீக்க எழுதப்பட்ட வாய்பாடு ஒவ்வோர் இடத்திலிருந்தும் மீளத் தொடங்கி ஏறத்தாழ 20 கோடி அடிகள் வைக்கவேண்டியதாயிற்று. 2019 யூலை 2ஆந் திகதி கிளவுட்பிளேயர் நிறுவனத்தின் காவல் விதிகளுட் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒரு வாய்பாடு, உலகெங்குமுள்ள அதன் கணினிகளின் ஆற்றல் முழுவதையும் உறிஞ்சி, 27 நிமிடம் எண்ணற்ற தளங்களை முடக்கியது. 'எதுவும் எத்தனை முறையும்' என்னும் குறி அடுத்தடுத்து இரட்டித்து வந்ததே காரணம்.

பெருங்கோப்புக்குரிய உபாயங்கள்

விரைவான பொறி கிடைத்தபின்னும் கோப்பு மிகப் பெரிதாயின் மேலும் சில உபாயங்கள் வேண்டும்.

முதலாவது, கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமை. துண்டு துண்டாகப் படித்துத் தேடலாம். ஆனால் ஒரு துண்டின் முடிவில் 'கோண' என்பதும் அடுத்ததன் தொடக்கத்தில் 'மலை' என்பதும் பிரிந்து விழக்கூடும். மூன்று பைற்றாலான ஒரு குறியே நடுவில் அறுபடவும் கூடும். ஆகவே துண்டை வரியிறுதியில் முடித்தல் வேண்டும். அல்லது முன்துண்டின் கடைப்பகுதியை அடுத்ததோடு ஒட்டுதல் வேண்டும்.

இரண்டாவது, மாறாத பகுதியை முதலில் தேடுதல். நம் வாய்பாட்டில் எது வந்தாலும் வாராவிட்டாலும் 'கோண' என்பது வந்தே தீரும். அதனை மட்டும் விரைவாகத் தேடி, அகப்பட்ட இடங்களில் மாத்திரம் முழு வாய்பாட்டையும் பொருத்திப் பார்த்தால் வேலை மிகக் குறையும். 'திரு' என்பதைப் பற்றுக்கோடாகக் கொள்ளலாகாது. திருக்குறள், திருவாசகம், திருமணம் எனத் தமிழேட்டில் அது பக்கந்தோறும் வரும். அரிதாக வருவதே நல்ல பற்றுக்கோடு.

மாறாத சொல்லைத் தேடுதற்கு போயர், மூர் என்னும் இருவர் 1977இல் வெளியிட்ட முறை வியப்புக்குரியது. 'கோணமலை' என்பது கணினிக்கு ஆறு குறிகள். கோப்பின் முதற்குறியை நோக்காது ஆறாங் குறியை நோக்குக. அங்கே இச்சொல்லில் இல்லாத சகரம் இருந்தால், முதல் ஆறு இடங்களுள் எதிலும் இச்சொல் தொடங்க இயலாது; ஆகவே ஒரே தாவலில் ஆறு இடங்களையும் கடக்கலாம். இவ்வாறு கோப்பின் பெரும்பகுதியைப் படியாமலே தேடி முடிக்கலாம். தேடும் சொல் நீளுந்தோறும் தேடல் விரைவாகும்.

மூன்றாவது, பல சொற்களை ஒருங்கே தேடுதல். கோணமலை, கோணமாமலை, கோணேசர், நிலாவெளி, தம்பலகாமம், கந்தளாய் என நூறு பெயர்களைத் தேட நூறு முறை கோப்பைப் படிக்க வேண்டியதில்லை. அல்பிரட் ஏஹோ, மார்கரற் கொராசிக் ஆகிய இருவர் 1975இல் தந்த முறையால், எல்லாப் பெயர்களையும் ஒரே பொறியாக்கி ஒருமுறை படித்து முடிக்கலாம். நூற்பட்டியல்களில் தேடும் தேவையிலிருந்தே அம்முறையும் பிறந்தது.

நான்காவது, மீண்டும் மீண்டும் தேடுவதாயின் முன்னதாகவே அடைவு செய்து வைத்தல். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் இறுதியில் அரும்பத அகராதி சேர்த்ததன் பயனை அறியாதார் இலர். கணினியிலும் அதுவே. மும்மூன்று குறிகளாகப் பிரித்து, ஒவ்வொரு மும்மையும் எவ்வெந்நூலில் வருகின்றது எனப் பட்டியல் செய்துவைத்தால், வாய்பாட்டுக்குரிய மும்மைகள் இல்லாத நூல்களைத் திறவாமலே ஒதுக்கலாம். 2006இல் கூகுள் தொடங்கிய நிரல் தேடல் இவ்வாறே இயங்கியது.

இவற்றுட் பலவற்றை ஒன்றுசேர்த்த கருவிகள் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. 2010இல் வெளியான ஆர்.ஈ.2, 2016இல் வெளியான ரிப்கிரெப் ஆகியவை பின்வாங்காத பொறிவழியையே அடிப்படையாகக் கொண்டவை. ஆயினும் அவற்றுக்கும் எல்லை உண்டு. முன்னர் வந்த தொடரே மீண்டும் வருகின்றதா எனக் கேட்கும் வாய்பாட்டை அப்பொறி ஏலாது. மடக்கணியை நினைக்க. வந்த சொல்லே மீள வருவதை அறிய, முன்வந்தது முழுவதையும் நினைவில் வைக்கவேண்டும். அது எவ்வளவு நீளமும் இருக்கலாம். எண்ணிக்கைப்பட்ட நிலைகளால் அது முடியாது. அசை பிரிக்கும் பொறி மடக்கைக் காணாது.

தமிழுக்கே உரிய இடர்கள்

பிறமொழியார் எழுதிய கருவியைத் தமிழேட்டில் இயக்கும்போது தோன்றும் இடர்கள் சில உள.

'கோ' என்னும் எழுத்து ககரமும் ஓகாரக்குறியும் என இரு குறியாகவும் சேமிக்கப்படலாம். ககரமும் ஏகாரக்கொம்பும் காலுமாக மூன்று குறியாகவும் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும் இயந்திரத்துக்கு வேறு வேறு. யுனிக்கோட் விதிப்படி இரண்டும் ஒத்தவை என்பதால், தேடுமுன் கோப்பு முழுவதையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் கட்டாயம். கால்குறி இருக்கவேண்டிய இடத்தில் ரகரமும், ஔகாரத்தின் இறுதிக்குறி இருக்கவேண்டிய இடத்தில் ளகரமும் தட்டச்சில் விழுவதும் உண்டு. பழைய அச்சைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருளும் இப்பிழை செய்யும். 'நிலாவெளி'யைத் தேடுவோர் கால்குறிக்கு மாற்றாக ரகரத்தையும் வாய்பாட்டில் ஏற்றுக்கொள்வது நன்று.

இரண்டாவது இடர் புணர்ச்சி. 'குளம்' எனத் தேடினால் குளத்தில், குளங்கள், குளக்கட்டு, குளமும் ஆகியவை தப்பிவிடும். மகர ஈறு கெட்டும் திரிந்தும் உயிரேறியும் வருதல் நன்னூல் கற்றோர்க்குப் புதிதன்று. குள(ம|த்|ங்|க்) என எழுதினால் எல்லாம் அகப்படும், குளக்கோட்டனும் அகப்படுவான். குதிரையின் குளம்பும் உடன் வரும். அதனைக் கண்ணால் விலக்கிக்கொள்ளலாம். இலக்கணம் அறிந்தவனே நல்ல வாய்பாடு எழுதுவான்.

மூன்றாவது இடர் விரைவு பற்றியது. தமிழ்க் குறிகளின் மூன்று பைற்றுகளுள் முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. வேறுபாடு பெரும்பாலும் மூன்றாவதிலேயே. முதற்பைற்றைக் கொண்டு விரைந்து தாவ எழுதப்பட்ட கருவி, ஆங்கில ஏட்டில் ஓடுவது போலத் தமிழேட்டில் ஓடாது; குறிதோறும் தடுக்கி நிற்கும். மூன்றாம் பைற்றை நோக்கும் கருவியே தமிழுக்கு உதவும்.

முடிவாக

என் மாணவன் வாய்பாட்டைத் திருத்தி, கோப்பை ஒருவடிவாக்கி, பின்வாங்காத கருவி கொண்டு மீளத் தேடினான். விடை நான் தேநீர் அருந்தி முடிக்குமுன் வந்துவிட்டது. தேவாரத்துக் கோணமாமலையும், பிற நூல்களில் ஒற்று மிக்கும் மிகாதும் வந்த நம் ஊர்ப்பெயரும் வரிசையாகத் திரையில் நின்றன. அவன் தன் ஏட்டிலிருந்த வாக்கியத்தைக் கோடிட்டு நீக்கி, "காணப்படுகின்றது" என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதினான். விரைவு வெறும் வசதி அன்று என்பதை அன்று அறிந்தேன். ஓர் இரவு காத்திருக்க வேண்டிய கேள்வியை எவரும் ஒருமுறைக்கு மேற் கேட்பதில்லை. விநாடியில் விடை வருமாயின், திருத்தித் திருத்திப் பத்து முறை கேட்பர். பத்தாம் கேள்வியிலேயே உண்மை அகப்படுகின்றது.

இதன் பொருட்டுப் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியின் பழைய மலர்களும் அறிக்கைகளும் உங்கள் இல்லங்களில் இருக்கலாம். போரிலும் இடப்பெயர்விலும் கடற்கோளிலும் தப்பியவை சிலவே. அவற்றைப் படியெடுத்துத் தட்டச்சிட்டு ஒரே கோப்பாகச் சேர்ப்போம். அக்காலத்தார் நம் பெயரை இந்துக் கல்லூரி என்றும், ஒற்றின்றி இந்து கல்லூரி என்றும், ஹிந்துக் கல்லூரி என்றும், இடைவெளியின்றியும் அச்சிட்டிருப்பர். அஞ்ச வேண்டியதில்லை, (இ|ஹி)ந்து(க்)? ?கல்லூரி என்னும் ஒரு வாய்பாடு எல்லாவற்றையும் காணும். சுப்பிரமணியம் என்றும் சுப்ரமணியம் என்றும் எழுதப்பட்ட ஆசிரியரை சுப்(பி)?ரமணிய என்பது காணும். நாளை ஒரு சிறுவன் தன் பாட்டனாரின் பெயரைத் தேடும்போது, இருக்கும் பெயரை 'இல்லை' என்று எழுத நேராதிருக்கட்டும்.